கட்டணமில்லா ஆலோசனை எதுவரை உதவும்? மதுரையில் ஓர் அயல்நாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்தின் சேவை குறித்து

மதுரையில் அண்ணா நகர், கே.கே.நகர், காளவாசல் என்று எந்தப் பக்கம் போனாலும் அயல்நாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அவற்றுள் ஒன்றின் சேவையை, என் தம்பியின் முதுநிலைப் படிப்புக்காக, விண்ணப்பம் தொடங்கிய நாளிலிருந்து முடிவுகள் வந்து சேரும்வரை எங்கள் குடும்பம் பயன்படுத்தியது. அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் இங்கே குறையாகச் சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு நிலையத்தின் குறை அல்ல, இந்தத் தொழில் நடக்கும் முறையிலேயே இருப்பது. தங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு இத்தகைய அலுவலகத்தின் படியேறப்போகும் பெற்றோருக்கும், படிக்கப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத பட்டதாரிகளுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் நோக்கம்.

தம்பி இயந்திரப் பொறியியல் பட்டதாரி. சி.ஜி.பி.ஏ. 7.8, அரியர் எதுவும் இல்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்கூடத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறான். உலோகப் பொருள்கள் பற்றி ஆழமாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வேலையில்தான் அவனுக்கு வந்தது. அப்பா ஓய்வூதியம் பெறுபவர். எங்களுக்குச் சொத்து என்று இருப்பது பசுமலையில் அவர் கட்டிய வீடு மட்டும்தான். இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பதா என்ற கேள்விக்கு விடை இந்த விவரங்களில்தான் இருக்கிறது. ஆனால் முதல் சந்திப்பில் இவற்றில் பாதியைக்கூட யாரும் கேட்கவில்லை.

முதல் சந்திப்பில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள், பட்டப்படிப்பின் சராசரி, அரியர் எண்ணிக்கை, விரும்பும் நாடு, செலவிடக்கூடிய தொகை ஆகியவை அதில் இருந்தன. எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்வி இல்லை. ஆலோசகர் இளம்பெண், பொறுமையானவர், அம்மாவின் எல்லாக் கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். சிறிது நேரத்தில் பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் பல்கலைக்கழகங்களே அதில் இருந்தன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் படிக்கும் வழியும் இல்லை.

நான் கேட்டேன்: “மேடம், ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை என்கிறார்களே, இந்தப் பட்டியலில் ஏன் ஒன்றும் வரவில்லை?”

அவர் மழுப்பவில்லை. “அங்கே இருந்து எங்களுக்கு எதுவும் வராதுங்க. அதனால ஜெர்மனிக்குத் தனியா கட்டணம் வாங்கித்தான் செய்வோம். தம்பிக்கு அதுதான் வேணும்னா சொல்லுங்க, செய்து தர்றோம்,” என்றார்.

இந்த நேர்மைக்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன். கேட்டால் உண்மையைச் சொல்லும் நிலையம் இது. ஆனால் கேட்கத் தெரியாதவருக்கு அந்தப் பட்டியல்தான் உலகம். கட்டணமில்லா ஆலோசனை என்று பலகையில் எழுதியிருப்பது பொய்யன்று. பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் அவர்கள் பணம் வாங்குவதில்லை. மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்தியபின், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகமே முகவருக்குத் தருகிறது. கட்டணமே வாங்காத பல்கலைக்கழகம் எதிலிருந்து பங்கு தரும்? ஆகவே நமக்குச் செலவு குறைவான வழி எதுவோ, அதுவே அவர்களுக்கு வருமானம் இல்லாத வழியாக அமைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. இப்போது போக வேண்டாம், இன்னும் ஈராண்டு வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்வதால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அதனால்தான் அந்த அறிவுரை அந்த மேசையில் நமக்குக் கிடைப்பதில்லை.

ஜெர்மனி பற்றிய செய்திகளை நாங்களே தேடிச் சேர்த்தோம். கல்விக் கட்டணம் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவத்திலிருந்து அத்தகைய மாணவர்களிடம் கட்டணம் பெறுகிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் சிறிய பருவத் தொகை மட்டுமே உண்டு. ஆனால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அங்கே சென்றபின் மாதம் 992 யூரோவாக அது திரும்பக் கைக்கு வரும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள், தங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழையும் பெற்றாக வேண்டும். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் பெறும் பல்கலைக்கழகங்களுக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் ஆகும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் இணையத் தேடலில் ஆங்கில வழிப் படிப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பல பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். ஜெர்மானியர்கள் நம் சராசரியைத் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளும் வாய்பாட்டில், மிக உயர்ந்த புள்ளி மட்டுமன்றித் தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளியும் கணக்கில் சேர்கிறது. 10க்கு 7.8 பெற்ற ஒருவரின் பல்கலைக்கழக விதிப்படி குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால், அவருடைய ஜெர்மானிய மதிப்பு 2.32 ஆகும், அதுவே 6 என்றால் 2.65 ஆகிவிடும். அங்கே எண் குறைந்தால்தான் சிறப்பு. 2.5 வரை இருப்பவர்களை மட்டுமே ஏற்போம் என்று எல்லை வகுத்துள்ள படிப்புகளில், ஒரே சராசரி வைத்திருக்கும் இருவரில் ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நிற்க நேரும். தாம் படித்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறை என்ன சொல்கிறது என்று மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டும். நிலையத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை. சராசரியைச் சதவீதமாக மாற்றி, “நல்ல புரொஃபைல்” என்று மட்டும் சொன்னார்கள்.

உள்நாட்டு வழி பற்றி அவர்கள் வாய் திறக்காததையும் நான் குறையாகவே கருதுகிறேன். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.டெக். சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்த மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். பொதுத்துறை நிறுவனங்கள் சிலவற்றின் வேலைவாய்ப்புக்கும் அதுவே வாசல். உலோகவியல் படிக்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் அயல்நாட்டுப் பட்டியலை மட்டும் நீட்டுவது முழுமையான ஆலோசனை ஆகாது. அதேபோல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அயல்நாட்டில் முதுநிலை படிக்க அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகைத் திட்டம் பற்றிய குறிப்பு அலுவலகத்தின் எந்தச் சுவரிலும் இல்லை. எங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் அன்று எங்களுக்கு அருகில் காத்திருந்த குடும்பங்களில் யாருக்கேனும் பொருந்தியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இனி, இந்த நிலையம் மிகச் சிறப்பாகச் செய்த வேலைக்கு வருகிறேன். ஆவணங்களைச் சரிபார்ப்பதில் இவர்களுக்கு நிகரான கவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெயரே ஒரு சிக்கல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். கல்லூரியில் அது பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். குடும்பப் பெயர் இடம் வெறுமையாக உள்ள பாஸ்போர்ட்டுடன் அமெரிக்க விசா பெற்றால், பெயரே குடும்பப் பெயர் இடத்துக்கு நகர்ந்து, பெயருக்குரிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் ஏறிவிடும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தம்பியின் சான்றிதழ்களில் பெயர் மூன்று விதமாக இருப்பதை இவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்தார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களிலும் எழுத வேண்டும் என்றும், மூன்று பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். கல்லூரியிலிருந்து பயிற்றுமொழிச் சான்று, பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவற்றை எந்த வரிசையில் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். அசல் சான்றிதழ்களை எங்கள் கண்முன்னே ஸ்கேன் செய்து அப்போதே திருப்பித் தந்தார்கள். இதற்கு மேல் ஒரு நிலையத்தில் எதிர்பார்க்க முடியாது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான வகுப்புக்குத் தனிக் கட்டணம். பேச்சுத் தேர்வுக்கான பயிற்சி நன்றாக இருந்தது. மற்ற பகுதிகளைத் தம்பி புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து தானே படித்தான். முதுநிலைச் சேர்க்கைக்குச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான வகுப்பிலும் சேரச் சொன்னார்கள்; அவர்கள் தந்த பட்டியலில் எந்தப் படிப்பும் அதைக் கேட்காததால் மறுத்துவிட்டோம்.

இந்தச் சேவையில் நான் மிகவும் வருந்தியது நோக்க அறிக்கையை, அதாவது எஸ்.ஓ.பி.யை, அவர்கள் கையாண்ட விதத்துக்காகத்தான். தம்பியிடம் சில விவரங்களை வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்தில் ஒரு வரைவை அனுப்பினார்கள். சிறுவயது முதலே இயந்திரங்களின் மீது தீராத ஆர்வம் கொண்டவன் என்று அது தொடங்கியது. பிழையில்லாத ஆங்கிலம், ஆனால் அதில் என் தம்பி இல்லை. ஒரு தொகுதி வார்ப்புகளில் நுண்துளைகள் விழுந்து அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டபோது, உருகிய அலுமினியத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் உறையும்போது வெளியேற வழியின்றிக் குமிழாகத் தங்கிவிடுவதைப் புத்தகம் வைத்துப் படித்து, உருக்குவதற்கு முன் பொருள்களைச் சூடாக்கி ஈரம் போக்குவதிலிருந்து ஒவ்வொரு படியாக அவன் மாற்றிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுகூட அதைப் பற்றியே பேசினான். முதுநிலைப் படிப்பு வேண்டும் என்ற எண்ணமே அந்தத் துளைகளிலிருந்துதான் பிறந்தது. தேர்வுக் குழுவில் இருக்கும் பேராசிரியர் அறிய விரும்புவதும் அதைத்தான். அந்த வரைவை ஓரமாக வைத்துவிட்டு, அவனையே தமிழில் முதலில் எழுதச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் அவன் சொற்களிலேயே எழுத வைத்தோம்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே முறையைத்தான் வைத்திருந்தார்கள். கடிதத்தைத் தாங்களே தயாரித்து, பேராசிரியரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிவரச் சொன்னார்கள். தம்பியின் கல்லூரிப் பேராசிரியை அதைப் படித்துவிட்டு ஒதுக்கிவைத்தார். “நான் உன்னைப் பற்றி எழுதுவதாக இருந்தால் நான்தான் எழுதுவேன். அதற்கு முன் ஒன்று சொல்லு, நீ செய்ய நினைக்கிற வேலைக்கு இந்தப் பட்டம் கட்டாயம் தேவையா, இல்லை இங்கேயிருந்து கிளம்ப வேண்டும் என்பதுதான் தேவையா?” என்று கேட்டாராம். இத்தனை படிவங்களுக்கும் சந்திப்புகளுக்கும் நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அன்றிரவு அவன் நெடுநேரம் மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தான். உலோகவியல் படிக்க வேண்டும் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. எந்த நாட்டுக்காவது போயே ஆக வேண்டும் என்பதில்தான் ஐயம் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்பது அவனுக்கு அப்போதுதான் தெளிவானது.

பிரிட்டனிலிருந்து ஒரு சேர்க்கைக் கடிதம் வந்தபின் நிலையத்தின் போக்கு மாறியது. முன்பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் நெருங்க நெருங்கத் தொலைபேசி அழைப்புகள் கூடின. “இடம் போயிடும் தம்பி” என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு வேலை செய்யலாம் என்பதை ஒவ்வோர் அழைப்பிலும் நினைவூட்டினார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அந்தக் காலம் முதுநிலைப் பட்டதாரிகளைப் பொறுத்தவரை 18 மாதமாகக் குறைகிறது என்பதை நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாணவர் தங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் உண்டு என்பதும் அவர்கள் முதலில் தந்த செலவுக் கணக்கில் இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் அதைத் திருப்பித் தரும் விதியை வரிவரியாகப் படிக்குமாறு எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். விசா மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைப்பது வழக்கம்; மனம் மாறினால் கிடைப்பது அரிது.

அதே வாரத்தில் அப்பா வங்கிக்குப் போய்வந்தார். பொதுத்துறை வங்கிகளின் பொதுவான முறைப்படி 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவை. பசுமலை வீட்டின் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞரின் கருத்துரை என்று வங்கி மேலாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அப்போதும் ஏறும். 20 லட்சம் கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 லட்சம். அப்பா ஒன்றும் சொல்லாமல் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தம்பிதான் அதைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தான். பிரிட்டனுக்கு முன்பணம் கட்டவில்லை.

ஜெர்மனிக்கு அவன் தானே அனுப்பிய விண்ணப்பங்களில் முதலில் வந்தவை மறுப்புகள். ஒவ்வொரு மறுப்பும் நான்கு வரி மின்னஞ்சல், காரணம் எழுதியிருக்காது. நிலையத்துக்குத் தெரிவித்தபோது, “ஜனவரி இன்டேக் இருக்கு, பார்த்துக்கலாம்” என்று உடனே வேறு பட்டியல் அனுப்பினார்கள். அவர்கள் பார்வையில் அது ஆறுதல்தான். ஆனால் ஒரு பிள்ளை மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, ஏன் மறுக்கப்பட்டிருக்கலாம், பாடங்களின் பொருத்தத்தில் குறையா, மதிப்பில் குறையா, அடுத்த முறை எதைச் சரிசெய்வது என்று உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பயிற்சி அங்கே யாருக்கும் இல்லை. அதைச் செய்தவர்கள் பேராசிரியையும், ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருக்கும் அவனுடைய கல்லூரிச் சீனியர் ஒருவரும்தான். பாடத்திட்டத்தில் உலோகவியல் பாடங்களின் அளவு குறைவு என்பதால்தான் சில இடங்களில் கதவு அடைபட்டது என்பதை அந்தச் சீனியர் பாட விவரக் கையேட்டை வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். உறவினர் வீட்டு விசேஷங்களில் “விசா வந்துருச்சா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார், அவனிடம் யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டார்.

ஆகவே என் பரிந்துரை இது: எங்கே, எதற்கு, எவ்வளவு செலவில் என்பதை வீட்டிலும் ஆசிரியர்களிடமும் பேசி முடிவு செய்தபின், சான்றிதழ் சரிபார்ப்புக்கும் விசா நேர்முகப் பயிற்சிக்கும் இந்த நிலையத்தைத் தயக்கமின்றி நாடலாம், முடிவெடுப்பதற்காக நாட வேண்டாம். சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம். வார நாள்களில் காலையில் போனால் ஆலோசகர் நேரம் ஒதுக்கிப் பேசுவார். முதல் சந்திப்பிலேயே, பட்டியலில் உள்ள எந்தெந்தப் பல்கலைக்கழகங்களிடமிருந்து உங்களுக்குப் பங்கு வருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள், சொல்கிறார்கள். ஜெர்மனிக்கான தனிக் கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி இப்போது கப்பலூரில் வேலையைத் தொடர்ந்தபடி பிப்ரவரியில் நடக்கும் கேட் தேர்வுக்குப் படிக்கிறான். உலோகவியல் பாடக் குறைவைத் தளர்த்தி ஏற்கும் இரண்டு ஜெர்மானியப் படிப்புகளுக்கும் அடுத்த பருவத்தில் மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறான். அவற்றில் ஒன்று கிடைத்தால், விசாக் கோப்பை ஒருமுறை பார்த்துத் தருவதற்கான கட்டணத்தை அந்த நிலையத்துக்கே கொடுப்போம்.